ஆயா பேரில் கொடுப்பது

பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

நீ அனுப்பியதைப் படித்தேன். ஆயாவின் தலைத் திவசத்துக்கு மண்டபம் பிடித்து அன்னதானம் போடலாம், தெருமுனையில் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்று நீயும் அண்ணனும் பேசி வைத்திருக்கிறீர்கள். கடைசி நேரத்தில் வர முடியவில்லையே என்ற தவிப்பு உங்கள் இருவருக்கும் இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஃபிளெக்ஸ் வேண்டாம். ஆயா இருந்திருந்தால் அதைத் தன் கையாலேயே கிழித்திருப்பாள்.

ஆயா வீட்டில் கொடுத்ததைத்தான் நீ பார்த்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில் கொடுத்ததைப் பார்த்ததில்லை. ஸ்டான்லியை அவள் கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னாள். இந்தப் பக்கத்துப் பெரிசுகள் பலருக்கும் அந்தப் பேர்தான் வாயில் வரும். 1782 பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. ஆயாவுக்கு வருஷமெல்லாம் தெரியாது. "கஞ்சி ஊத்தின எடம்டா" என்பாள், அவ்வளவுதான்.

நோயாளிக்கு உள்ளே சாப்பாடு வந்துவிடும். கூட வந்தவர் பாடுதான் திண்டாட்டம். புருஷனைக் கூட்டிக்கொண்டு எங்கிருந்தோ வந்த பெண் வார்டுக்கு வெளியே வெறும் தரையில் முந்தானையை விரித்துப் படுத்திருப்பாள். ஊருக்குத் திரும்பும் பஸ் காசை முடிந்து வைத்திருப்பாள். ஒரு டீ குடிக்கக்கூட அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டாள். ஆயா தேடிப் போனது இவர்களைத்தான். எவர்சில்வர் தூக்கில் ரசம் சோறு, மூடியில் கொஞ்சம் துவையல். போனதும் நீட்ட மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக் கொடுப்பாள். அப்புறம் மெதுவாக, "எம் பேத்திக்குக் கொண்டாந்தேன், அது சாப்ட்டுடுச்சாம். இத்தத் திரும்பத் தூக்கினு போவணும், நீ துன்னுடேம்மா" என்பாள்.

எந்தப் பேத்தியும் அங்கே படுத்திருக்கவில்லை. அந்தப் பேத்தி நீதான், பள்ளிக்கூடத்தில் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தாய்!

அந்தப் பெண் கிழவிக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டுத் தூக்கைக் கழுவித் தருகிறேன் என்று எழுந்து போவாள். ஆயா வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். சோறு போட்டது பெரிசில்லை கயலு, தூக்கைக் கழுவ விட்டாளே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நானாக இருந்தால் "பரவாயில்லம்மா, வச்சுடு" என்று சொல்லியிருப்பேன்.

மண்டபத்து வாசலில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, நாம் பரிமாறுவதை ஒருவர் செல்போனில் எடுத்துக்கொண்டிருப்பது இதோடு ஒட்டவில்லை. அன்னதானத்தை நான் குறை சொல்லவில்லை. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அது தினமும் எரிகிற அடுப்பு. நாம் ஒரு மத்தியானம் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவோம்.

அதனால் ஆஸ்பத்திரி எதிரே இட்லிக் கடை வைத்திருப்பவரிடம் பேசியிருக்கிறேன். மாசா மாசம் ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடுவது. யார் பட்டினி என்பது வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் அனுப்பி வைப்பார்கள். கடைக்காரர் இட்லியும் டீயும் கொடுத்துவிட்டு "காசு வந்துடுச்சு" என்பார். யார் கொடுத்தது என்று கேட்டால், "உங்க ஊர்க்காரர்தான், இப்பதான் போறாரு" என்று சொல்லச் சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

மீதியை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொடுக்கலாம் என்பது அம்மாவின் யோசனை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது அது. எனக்கும் சம்மதம்தான்.

பணம் அனுப்பும்போது ஒன்றைக் கவனி. நீ வெளிநாட்டில் இருந்தாலும் உன்னிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது. உன் சேமிப்பிலிருந்து பாங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அண்ணன் கதை வேறு. கனடா குடியுரிமை வாங்கிவிட்டதால், வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவன் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம், அதுவும் புது தில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அவர்களுக்கு இருக்கும் கணக்கில்தான் போய் விழவேண்டும். அவசரப்பட்டு அனுப்பிவிடாமல் முதலில் அவர்களிடம் கேட்கச் சொல். என் பங்கைச் செக்காகக் கொடுக்கிறேன். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது, நான் இன்னும் அந்தச் சலுகை உள்ள பழைய வரி முறையில்தான் இருக்கிறேன். தர்மத்துக்கு ரசீதா என்று ஆயா கேட்டிருப்பாள். கேட்கட்டும், பென்ஷன்காரன் நான், வாங்கத்தான் செய்வேன்.

திவசத்தன்று வீட்டில் படையல் வழக்கம்போல் உண்டு. கருவாட்டுக் குழம்பு அத்தை பொறுப்பு. மாசம் எவ்வளவு முடியும் என்று நீயும் அண்ணனும் பேசி ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். இட்லிக் கடைக்காரருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா