போர்ஹெஸின் நூலகத்தில் லைப்னிட்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் ‘பாபேல் நூலகம்’ கதையில் அறுகோண அறைகளாக விரிந்துகொண்டே போகும் ஒரு நூலகம் வருகிறது. அதற்குள் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் நுழைந்தால் என்ன ஆகும் என்ற கற்பனைக் கட்டுரையை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். எடுத்துக்கொண்ட விஷயம் அருமை. ஆனால் முடிவில் அவரை ஒரு அறுகோண அறையின் மூலையில் உட்காரவைத்து அழவிட்டிருக்கிறார் கட்டுரையாளர். அதை என்னால் ஏற்க முடியவில்லை. லைப்னிட்ஸ் ஒரு நூலகர். நானும் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

1676-இல் ஹனோவர் அரண்மனை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். 1691 முதல் 1716-இல் இறக்கும்வரை வுல்ஃபன்பியூட்டல் நூலகமும் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே ஆசிரியர் பெயர் அகரவரிசையில் புத்தக அட்டவணை (கேட்டலாக்) தயாரிக்க ஏற்பாடு செய்தார். புத்தகம் வாங்க வருடாவருடம் நிலையான தொகை வேண்டும் என்று வற்புறுத்தினார். எங்கள் துறையில் இன்றும் கேட்கிற கோரிக்கை அது! இப்படிப்பட்டவர் ஒரு புதிய நூலகத்துக்குள் போனதும் முதலில் அட்டவணை எங்கே என்றுதான் கேட்பார்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கதைப்படி ஒவ்வொரு புத்தகமும் 410 பக்கம். பக்கத்துக்கு 40 வரி, வரிக்குச் சுமார் 80 எழுத்து. ஆக, புத்தகத்துக்கு 13,12,000 எழுத்து. எழுத்துகள், காற்புள்ளி, முற்றுப்புள்ளி, இடைவெளி என மொத்தம் 25 குறிகளை எப்படியெல்லாம் மாற்றிப்போட முடியுமோ அத்தனையும் அங்கே புத்தகமாக இருக்கின்றன. சரி, அவற்றில் ஒன்றை மட்டும் அடையாளம் காட்ட எவ்வளவு நீளமான எண் வேண்டும்? அதே 25 குறிகளில் எழுதினால் அதே 13,12,000 இடம் வேண்டும். அட்டவணைப் பதிவு புத்தகத்தின் அளவுக்கே நீண்டுவிடும். புத்தகத்தின் முதுகில் உள்ள எழுத்தை வைத்துச் சுருக்கலாம் என்றால், அதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று கதையே சொல்லிவிடுகிறது.

இந்தக் கணக்கு லைப்னிட்ஸுக்குப் புதிதல்ல. சேர்க்கைகளை எண்ணும் கலை பற்றி 1666-இலேயே நூல் வெளியிட்டவர். எழுத்துகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, ஆகவே மனித குலம் போதிய காலம் நீடித்தால் சொன்னதையே திரும்பச் சொல்ல நேரும் என்று பிற்பாடு எழுதியும் வைத்தார். பிறகு அவர் எதற்காக அழ வேண்டும்?

அவர் வாதாடப்போகும் இடம் கதையின் முடிவு. நூலகம் எல்லையற்றது, ஆனால் அதே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணி வயதான கதைசொல்லி ஆறுதல் கொள்கிறார். அப்படியானால் ஒரே புத்தகம் பல இடங்களில் இருக்கும். அச்சுஅசலாக ஒன்றுபோல் இரண்டு பொருள்கள் இருக்கவே முடியாது என்பது லைப்னிட்ஸின் கொள்கை. ஹனோவரின் ஹெரன்ஹவுசன் அரண்மனைத் தோட்டத்தில், அந்த அரச குடும்பத்துச் சோஃபி இளவரசியின் முன்னால், ஒருவர் இதை மறுத்து ஒரே மாதிரி இரண்டு இலைகளைத் தேடி அலைந்தார். கிடைக்கவில்லை என்று லைப்னிட்ஸே எழுதியிருக்கிறார்.

இதில் நான் அவர் கட்சி. எங்கள் நூலகத்தில் ஒரே அகராதியின் ஒரே பதிப்பு இரண்டு பிரதி இருந்தது. பொருளைக் காட்டும் வகைப்பாட்டு எண் ஒன்றுதான், ஒவ்வொரு பிரதிக்கும் வரவுப் பதிவேட்டில் தனியாகத் தரும் அக்சஷன் நம்பர் வேறு வேறு. ஒன்றில் ‘ப’ வரிசைப் பக்கங்கள் விரல் பட்டுக் கறுத்திருக்கும். முதுகில் மைதாப் பசை தடவிக் காலிகோ துணி ஒட்டியிருக்கும். இன்னொன்றில் யாரோ நீல மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். இருப்புச் சரிபார்ப்பில் ஒன்று குறைந்தால் மற்றதைக் காட்டிக் கணக்கை நேர்செய்ய முடியாது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் அவை இரண்டு புத்தகங்கள். எழுத்தில் வரலாறு அப்படியே திரும்பினாலும் உலகின் நுணுக்கங்கள் அப்படியே திரும்புவதில்லை என்பதுதான் லைப்னிட்ஸ் கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்த இடமும்.

அதனால் அந்த அறுகோண அறையில் அவர் அட்டவணையை விட்டுவிட்டு வரவுப் பதிவேட்டைத் திறப்பார் என்றே நினைக்கிறேன். கையில் கிடைத்த பிரதிக்கு எண், அதன் கறை, கிழிசல், இருந்த இடம். வேலை முடியாதுதான். 1685-இல் எழுத ஏற்றுக்கொண்ட ஹனோவர் அரச குடும்ப வரலாற்றையே 1005-ஆம் ஆண்டுவரைதான் கொண்டுவர முடிந்தது அவரால். அதற்காக எழுதுவதை நிறுத்தவில்லை. அவர் விட்டுப்போன தாள்களின் முழுப் பதிப்பு 1923 முதல் தொகுதி தொகுதியாக வந்துகொண்டே இருக்கிறது.

கட்டுரை நூலாக வரும்போது அந்த முடிவை மட்டும் மாற்றி எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். 1941-இல் இந்தக் கதையை வெளியிட்டபோது போர்ஹெஸும் புவெனஸ் ஐரிஸின் ஒரு நகராட்சி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தஞ்சாவூர்.