காலில் மாவுக்கட்டோடு ஒரு கடிதம்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் இடது காலில் மாவுக்கட்டு, இன்னும் ஒரு மாதம் கீழே இறங்கக் கூடாதாம். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எதிர் வீடு தெரிகிறது. சரி, இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று, என்னைப்போலவே கால் ஒடிந்து ஜன்னலோரம் கிடப்பவனின் கதையான ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தை மறுபடி பார்த்தேன். கதாநாயகி கிரேஸ் கெல்லியைப் பார்க்க உட்கார்ந்தவன், இந்த முறை அந்த நர்ஸம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

தெல்மா ரிட்டர். கால் ஒடிந்து கிடக்கிறவனுக்குச் சிற்றுண்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிர் வீட்டுக்காரன் பெண்டாட்டியை எங்கே வைத்து வெட்டியிருப்பான் என்று சத்தமாக யோசிப்பாளே, அவள்தான். குளியல் தொட்டியில்தான், ரத்தத்தைக் கழுவிவிட வசதி என்று அவள் சொல்லும்போது, கதாநாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முள்கரண்டி பாதியில் நிற்கும். காய்கறி விலை சொல்கிற குரலில் சொல்வாள்.

அப்புறம் அவளுடைய படங்களாகத் தேடிப் பார்த்தேன். 1902இல் புரூக்ளினில் பிறந்தவள். நாடகம், கல்யாணம், இரண்டு பிள்ளைகள், நடுவில் கொஞ்சம் வானொலி. முதல் படம் 1947இல், 45 வயதில். 'மிரக்கிள் ஆன் தேர்ட்டிஃபோர்த் ஸ்ட்ரீட்'டில், பையன் கேட்ட பொம்மைக்காக அலைந்து கால் வலித்த அம்மா. டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. அந்தச் சின்னத் துண்டைப் பார்த்துத்தான் ஸ்டூடியோ முதலாளி ஸானக் அவளைப் பிடித்துப்போட்டார். அதன்பிறகு வேலைக்காரி, அம்மா, நர்ஸ் என்று ஓயவில்லை. 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில் ஈவ் என்கிற பெண்ணின் பாசாங்கை முதலில் மோப்பம் பிடிப்பவள் அவள்தான், ஆனால் பாதிக்குமேல் ஆளையே காணோம். எனக்கு அது பெரிய குறை.

நீ அவசியம் பார்க்க வேண்டியது 1953இல் சாமுவேல் ஃபுல்லர் எடுத்த 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'. அதில் அவள் டை விற்கிற கிழவி, பிக்பாக்கெட்காரர்களைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்துக் காசு சேர்க்கிறாள். எதற்குத் தெரியுமா? அநாதைப் பிணங்களோடு புதைபடாமல் சொந்தமாக ஒரு குழி வாங்க. கடைசியில் ஒருவனுடைய முகவரி கேட்டுத் துப்பாக்கியோடு வருகிறான் கம்யூனிஸ்ட் ஆள். அவள் கட்டிலில் கிடக்கிறாள், பக்கத்தில் இசைத்தட்டு பாடுகிறது. முகவரியைச் சொல்லவில்லை. களைத்துப்போய்விட்டேன் என்கிறாள், அவ்வளவுதான். கேமரா இசைத்தட்டுப் பக்கம் போய்விடுகிறது, வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அழுகை இல்லை, வசனத்தை இழுக்கவில்லை. நாள் முழுக்கத் தெருவில் நின்று விற்றவளின் கால்வலி அந்தக் குரலில் இருக்கிறது. அநாதையாகப் போகவிருந்த அவள் பெட்டியை மீட்டு அடக்கம் செய்கிறவன் ஒரு பிக்பாக்கெட்காரன்.

இதற்கும் ஆஸ்கர் கொடுக்கவில்லை, போ! ஆறு முறை துணை நடிகைக்கான பரிந்துரை, அதில் நான்கு அடுத்தடுத்த வருடங்களில், ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. ஹாலிவுட்டிலும் நியூயார்க்கிலுமாக நடந்த 1955 ஆஸ்கர் விழாவின் நியூயார்க் பக்கத்தை நடத்தித் தர மட்டும் கூப்பிட்டார்கள். மேடை நாடகம் ஒன்றில் நடித்ததற்காக 1958இல் டோனி விருது கிடைத்தது, அதையும் அதே நாடகத்தின் கதாநாயகி க்வென் வெர்டனோடு பங்குபோட வேண்டியிருந்தது. 1969இல் போய்விட்டாள்.

படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்பவா, நீயே வருகிறாயா? வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு, மூன்றாவது படி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அன்புடன்,
ராமு