செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நம் இசைத்தட்டு ரசிகர் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. சில மாதங்களில் போதிய உறுப்பினர் வராததால் ஒத்திவைக்கப்பட்டது. சித்திரைப் புத்தாண்டு அமர்வில் பழைய நாடக மேடைப் பாடல்களைக் கேட்டோம். ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. பொங்கலையொட்டிச் சிறுவர்களுக்கான பாட்டுப் போட்டி நடத்திப் பரிசு வழங்கினோம். ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

இனி, இந்த ஆண்டின் பெரும்பணிக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழுவில், ஓர் ஆண்டு முழுவதும் ஒரே பாடகரைத் தொடர்ந்து கேட்பது என்று தீர்மானித்தோம். அமெரிக்காவின் அரீதா ஃபிராங்க்ளின் பெயரை நான் முன்மொழிந்தேன். கைதூக்கி ஆதரித்தவர்களில் சிலரே பிற்பாடு, "நம் ஊருக்கும் அந்த அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? தேவாலயப் பாட்டைக் கேட்கவா சந்தா கட்டினோம்?" என்று வெளியில் பேசியதாக என் காதுக்கு வந்தது. கூட்டத்தில் எழுப்பப்படாத கேள்வி என்றாலும் பதில் சொல்வது என் கடமை. ஆகவே அமர்வுகளில் நாம் கேட்டதையும் பேசியதையும் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

அரீதா 1942 மார்ச் 25 அன்று டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரில் பிறந்தார். தந்தை சி.எல். ஃபிராங்க்ளின் பாப்டிஸ்ட் சபைப் போதகர். டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் சபையில் அவர் நிகழ்த்திய பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்து விற்றன. பேச்சாகத் தொடங்கி, மெல்ல மெல்லச் சுருதி ஏறிப் பாட்டாகவே மாறிவிடும் பிரசங்கங்கள் அவை. வீட்டுக்கு வந்துபோன விருந்தினர்களில் கிளாரா வார்டும் மஹாலியா ஜாக்சனும் உண்டு. கோஸ்பல் எனப்படும் கறுப்பினத் தேவாலய இசையில் அவர்களுக்கு மேல் ஆளில்லை. தாய் பார்பரா தனியே பிரிந்து வாழ்ந்தவர். அரீதாவின் பத்தாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது இறந்துபோனார். பதின்மூன்று வயது நிரம்பும் முன்பே அரீதா தாயாகிவிட்டார். 14 வயதில் தந்தையின் சபையில் அவர் பாடியது முதல் ஒலிப்பதிவாயிற்று. முதல் அமர்வில் நாம் கேட்டது அதைத்தான். அது சிறுமியின் குரல். ஆனால் பாடுவது சிறுமி என்று யாராலும் சொல்ல முடியாது. பட்ட துயரம் குரலில் இறங்கியிருக்கிறது. அதை அந்த மாலை வந்திருந்தவர்கள் நன்கு அறிவார்கள்.

1960இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆறு ஆண்டுகள் அவரை ஜாஸ், மெல்லிசை, மேடை நாடகப் பாட்டு என்று பலவற்றையும் பாட வைத்தார்கள். குரலுக்குக் குறைவில்லை, ஆனாலும் நிறுவனம் எதிர்பார்த்த வெற்றி வரவில்லை. இந்தக் காலத்துக்கு நாம் ஓர் அமர்வுதான் ஒதுக்கினோம். அதுவே போதும் என்பது என் கருத்து.

1966 இறுதியில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர் அவரை அழைத்துக்கொண்டார். வெக்ஸ்லர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: அவரைப் பியானோ முன் உட்கார வைத்து, தேவாலயத்தில் பாடுவதுபோலவே பாடச் சொன்னார். 1967 ஜனவரியில் அலபாமா மாநிலத்தின் மஸல் ஷோல்ஸ் என்ற சிற்றூரில் ஒலிப்பதிவு நடந்தது. உடன் வாசித்தவர்கள் வெள்ளையர்கள். அவர்களில் ஒருவரான ஸ்பூனர் ஓல்டம் எலக்ட்ரிக் பியானோவில் ஒரு சிறு தொடக்கத்தைப் பிடித்துக் கொடுத்ததும் முதல் பாட்டு உருக்கொண்டுவிட்டது. அன்றே ஒரு சண்டை மூண்டு, ஒரு பாட்டு முழுதாகவும் இன்னொன்று அரைகுறையாகவும் நின்றுபோக, மீதி வேலை நியூயார்க்குக்கு மாற்றப்பட்டது. 1967 பிப்ரவரி 14 அன்று அங்கே பதிவானதுதான் 'ரெஸ்பெக்ட்'.

இந்தப் பாட்டைப் பாடகர் ஓடிஸ் ரெடிங் எழுதி 1965இல் பாடியிருந்தார். வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண், மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு அது. அரீதா அதைப் பெண்ணின் வாயில் வைத்தார். தங்கை கரோலின், அக்கா எர்மா ஆகியோருடன் சேர்ந்து, மூலத்தில் இல்லாத பகுதிகளை அமைத்தார். எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாடும் இடமும், அவர் ஓர் அடி சொல்லப் பின்பாட்டுக்காரிகள் பதில் சொல்லும் இடங்களும் அப்படிச் சேர்ந்தவை. ஜூன் மாதம் அமெரிக்காவில் அது முதலிடத்துக்கு வந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பெண்ணுரிமைப் போராட்டமும் அதைத் தம் பாட்டாக எடுத்துக்கொண்டன. அந்த அமர்வில் ரெடிங்கின் தட்டை முதலிலும் அரீதாவின் தட்டை அடுத்தும் வைத்தோம். "இரண்டும் ஒரே பாட்டா?" என்று கேட்ட புதிய உறுப்பினர், அன்று முதல் ஓர் அமர்வையும் தவறவிடவில்லை.

இங்கே ஒரு பண விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, வானொலியில் பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்குத்தான் உரிமைத்தொகை, பாடியவருக்குக் கிடையாது. 'ரெஸ்பெக்ட்' எத்தனை ஆயிரம் முறை ஒலித்திருந்தாலும் வானொலி வழியே அரீதாவுக்கு வந்தது எதுவும் இல்லை. கறுப்பினக் கலைஞர்கள் ஏமாற்றப்பட்டதைச் சிறுவயது முதலே பார்த்து வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில் தமக்குரிய தொகையை ரொக்கமாகக் கையில் வாங்கிய பிறகே மேடையேறினார். அந்தப் பணம் இருந்த கைப்பையையும் உடன் எடுத்துவந்து, கண்பார்வையில் படும்படி பியானோ மீதோ பக்கத்திலோ வைத்துக்கொண்டு பாடினார். இதைப் பேராசை என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. உழைத்தவருக்கு உரியதை உரிய நேரத்தில் கொடுப்பதுதான் முறை. இதைச் சங்கக் கணக்கு பற்றிப் பேசும்போதும் நினைவில் கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர், டிசம்பர் அமர்வுகள் இரண்டும் 'அமேசிங் கிரேஸ்' பதிவுக்கு ஒதுக்கப்பட்டன. புகழின் உச்சியில் இருந்த 29 வயதில், 1972 ஜனவரி 13, 14 தேதிகளில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் இருந்த ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அரீதா இரண்டு இரவுகள் பாடினார். கோஸ்பல் கலைஞர் ஜேம்ஸ் கிளீவ்லண்டும் அவருடைய பாடகர் குழுவும் உடன் பாடினார்கள். அரீதாவின் தட்டுகளிலேயே அதிகம் விற்றது இந்த இரட்டைத் தட்டுதான். 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. திரைப்பட இயக்குநர் சிட்னி போலக் அதைப் படமும் பிடித்தார். காட்சி தொடக்கத்தில் கிளாப் அடிக்காமல் விட்டதால் படத்தையும் ஒலியையும் பொருத்த முடியாமல் சுருள்கள் பெட்டியிலேயே கிடந்தன. பின்னர் தொழில்நுட்பம் கைகொடுத்தபோது அரீதா வழக்குத் தொடுத்துத் தடுத்தார். அவர் காலமான பின், குடும்பத்தாரின் இசைவுடன் 2018இல்தான் படம் திரைக்கு வந்தது.

தட்டுக்குப் பெயர் தந்த 'அமேசிங் கிரேஸ்' பாட்டு ஏறக்குறைய 11 நிமிடம் ஓடுகிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கீர்த்தனைதான். முதல் சொல்லிலேயே நின்று, அதை நீட்டி, மேலே கொண்டுபோய் நிறுத்தி, மெல்ல இறக்குகிறார், தாளக்கட்டு கிடையாது. விருத்தம் கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு அது அந்நியமாகவே தோன்றாது. கிளீவ்லண்ட் அந்த இடத்தில் தாங்கமாட்டாமல் பியானோவை விட்டு எழுந்துபோய், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். இரண்டாம் இரவில் முதல் வரிசையில் தந்தையும் கிளாரா வார்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். அரீதா பியானோ வாசித்துப் பாடிக்கொண்டிருக்கும்போதே தந்தை எழுந்து வந்து, மகளின் முகத்து வியர்வையைத் துணியால் ஒற்றித் துடைக்கிறார். மகள் பாட்டை நிறுத்தவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. சோல் என்ற உலகியல் இசைக்குப் போய்விட்டதால் சபையைக் கைவிட்டார் என்று மகள்மீது சிலருக்குக் குறை இருந்தது. அவள் ஒருநாளும் சபையைவிட்டுப் போனதில்லை என்று தந்தை அந்த மேடையிலேயே சொன்னார். இவ்வளவு நாள் கேட்டதில் எனக்கு உறுதியானதும் இதுதான். 'ரெஸ்பெக்ட்' பாட்டும் தேவாலயத்தில் கற்ற முறையில்தான் பாடப்பட்டது. ஆகவே "தேவாலயப் பாட்டு எதற்கு" என்று கேட்பவர்கள், அரீதாவின் எந்தப் பாட்டையும் கேட்க முடியாது.

அந்த நவம்பர் அமர்வு பற்றித்தான் மிகுந்த வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து ஓய்வுபெற்ற பாடகர் குழு நடத்துநர் ஒருவரை அழைத்திருந்தோம். வருவதாகக் கையெழுத்திட்டவர்கள் பலர். வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். தலைமை தாங்க இசைந்தவரும் வரவில்லை, தகவலும் இல்லை. மழையைக் காரணம் சொன்னார்கள். மழை நான்கு மணிக்கே விட்டுவிட்டது; கூட்டம் ஆறு மணிக்கு. எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பெரியவர் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை. இருந்தவர்களை அரைவட்டமாக உட்காரச் சொல்லி, ஒரு வரியைத் தாம் பாடி, அதே வரியை எங்களைத் திருப்பிப் பாட வைத்தார். பின், "பதிலைக் கொஞ்சம் தாமதித்துச் சொல்லுங்கள்" என்றார். அந்தக் கொஞ்சம் தாமதத்தில் பாட்டுக்குக் கனம் கூடிவிட்டது. சபையார் போதகருக்குப் பதில் சொல்லும் முறை எப்படி 'ரெஸ்பெக்ட்' பாட்டின் பின்பாட்டாயிற்று என்பது அப்போது எங்களுக்கு விளங்கியது. வராதவர்கள் இழந்தது என்ன என்பதை இந்த அறிக்கையில் முழுதாகச் சொல்ல என்னால் இயலாது. அவருக்கு உரிய பஸ் கட்டணத்தைக்கூட அன்றே கொடுக்கச் சங்கத்தின் கையிருப்பு இடம் தரவில்லை. பிறகு அனுப்பி வைத்தோம். அது நம் சங்கத்துக்குப் பெருமை தரும் செய்தியன்று.

மீதி அமர்வுகள் பற்றிச் சுருக்கமாக: 1979இல் தந்தை சுடப்பட்டு, ஐந்தாண்டுகள் நினைவு திரும்பாமலே கிடந்து 1984இல் இறந்தது; 1987இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் இடம்பெற்ற முதல் பெண் ஆனது; 1998 கிராமி விழாவில் ஆபரா பாடகர் பவரொட்டி உடல்நலம் குன்றியதால், சில நிமிட அவகாசத்தில் அவர் இடத்தில் நின்று இத்தாலிய ஆபரா பாட்டைப் பாடியது; 2009இல் ஒபாமா பதவியேற்பில் பாடியது ஆகியவை பேசப்பட்டன. மொத்தம் 18 கிராமி விருதுகள். 2018 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்டில் காலமானார். மறு ஆண்டு புலிட்சர் சிறப்பு விருது அளிக்கப்பட்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு சென்ற ஆண்டைவிடக் குறைவு. அரங்க வாடகை, அச்சுச் செலவு, ஆம்ப்ளிஃபையர் பழுது ஆகியவற்றால் செலவு கூடியிருக்கிறது. பற்றாக்குறையைச் செயற்குழுவினர் சிலர் தற்காலிகமாக ஈடுகட்டியுள்ளனர். அந்தத் தொகை இன்னும் திருப்பித் தரப்படவில்லை. ஆங்கிலம் புரியாதவர்களுக்காக ஒவ்வொரு பாட்டின் சாரத்தையும் தமிழில் அச்சிட்டு வழங்கினோம். அந்தச் செலவை வீண் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. மாதம் ஐம்பது ரூபாய் என்பது யாருக்கும் பெரும் சுமையன்று. இரண்டு ஆண்டுகளாகச் சந்தா செலுத்தாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெயர் வாசிக்கும் எண்ணம் எனக்கில்லை. பதிவேடு என் மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

அரங்கம் தந்தவர்களுக்கும், தம் சொந்தத் தட்டுகளை நம்பிக் கொடுத்த உறுப்பினர்களுக்கும், ஒவ்வொரு அமர்விலும் தேநீர் ஏற்பாட்டைக் கவனித்துக்கொண்ட அம்மையார்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு மஹாலியா ஜாக்சனை முன்மொழிகிறேன். நியூ ஆர்லியன்ஸில் 1911இல் பிறந்து, சிகாகோவில் சலவை வேலை செய்து பிழைத்து, எவ்வளவு பணம் காட்டியும் இரவு விடுதிகளில் பாட மறுத்த கோஸ்பல் பாடகர். 1963இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணியில் பாடியவர். 'அமேசிங் கிரேஸ்' பதிவாகி இரண்டு வாரத்துக்குள், 1972 ஜனவரி 27 அன்று அவர் இறந்தார். சிகாகோ இறுதிச் சடங்கில் பாடியவர் அரீதாதான். "நம் ஊருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்" என்ற கேள்வி இம்முறை எழாது. 1971இல் மஹாலியா இந்தியாவுக்கு வந்து, கல்கத்தா, டில்லி, பம்பாய் ஆகியவற்றோடு சென்னையிலும் பாடினார். அந்தக் கச்சேரியைக் கேட்டவர்கள், டிக்கெட்டையோ அழைப்பிதழையோ பெட்டியில் வைத்திருப்பவர்கள் நம் உறுப்பினர் குடும்பங்களில் யாராவது இருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டும். அன்று இருபது வயதில் கேட்டவருக்கு இன்று எழுபது கடந்திருக்கும். தள்ளிப்போட நேரமில்லை.

அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. நம் பிளேயரின் ஊசி தேய்ந்துவிட்டது. தேய்ந்த ஊசியில் பிறர் நம்பிக் கொடுத்த தட்டுகளை ஓட்ட நான் சம்மதிக்கமாட்டேன். புதிய ஊசி வாங்காமல் ஏப்ரல் அமர்வை அறிவிக்க இயலாது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் பதிவேடுகளை மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டுமென்று பொதுக்குழு விரும்பினால், நிலுவை வசூலாகி, அமர்வுக்குப் பாதி நாற்காலியாவது நிறையும் என்ற உறுதியை எதிர்பார்க்கிறேன்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசல் மேசையில் இருக்கிறார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்