‘மரக்கறி’யில் பேசுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘மரக்கறி’ நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த நான்கு கடிதங்களும் நான்கு வெவ்வேறு நாவல்களைப் பற்றியவை போல இருந்தன. ஒருவருக்கு அது மனநோயாளியின் கதை. இன்னொருவருக்குப் பெண்ணின் கலகம். மூன்றாமவருக்குப் புலால் மறுப்புப் பிரசாரம். நான்காமவருக்கோ நடுப்பகுதியின் ஆபாசம் தாங்கவில்லை. கருத்து வேறுபடுவதில் தவறில்லை. ஆனால் நால்வரும் எடுத்துக்காட்டிய வரிகளை நாவலில் தேடிப் பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட, கனவு கண்டு இறைச்சியை விட்டுவிடும் நாயகி யோங்-ஹே சொன்னதில்லை. புருஷன் சொன்னது, அக்காள் புருஷன் நினைத்தது, அக்காள் நினைத்தது. சண்டையில் பாதி இங்கேதான் கிளம்புகிறது.

நாவல் ஒரே மூச்சில் எழுதப்பட்டதல்ல. மூன்று குறுநாவல்கள் 2004, 2005-இல் கொரிய இதழ்களில் தனித்தனியே வெளிவந்து, 2007-இல்தான் ஒரே புத்தகமாயின. நடுவில் உள்ள ‘மங்கோலிய மச்சம்’ மட்டும் தனியாகவே 2005-இல் யி சாங் இலக்கியப் பரிசு பெற்றது. ‘பகுதிக்குப் பகுதி குரல் மாறுகிறது, ஒட்டவில்லை’ என்று குறைப்படுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பகுதியைக் கணவன் ‘நான்’ என்று சொல்கிறான். இரண்டாவது, வீடியோ கலைஞனான அக்காள் கணவனின் தோளுக்குப் பின்னால் நின்று படர்க்கையில் நகர்கிறது. மூன்றாவது அக்காள் இன்-ஹேயுடையது. யோங்-ஹேயின் சொந்தக் குரல் முதல் பகுதியில் அங்கங்கே வரும் கனவுத் துண்டுகளில் மட்டுமே உண்டு. ஆங்கிலப் பதிப்பில் அவை சாய்வெழுத்தில் இருக்கும். பென்சிலால் அவற்றைக் கோடிட்டு, வரிசையாக அவற்றை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சில பக்கங்கள்தான். தொங்கும் இறைச்சி, வாயில் ரத்தம், யாருடையது என்று தெரியாத முகம், சிறுவயதில் தன்னைக் கடித்த நாயை அப்பா மோட்டார் சைக்கிளில் கட்டி ஓடவிட்டுக் கொன்றது, அதன் கறியைத் தானும் தின்றது. பிறகு கணவனின் பக்கங்களுக்குத் திரும்பினால் அந்த ஆளின் பேச்சு வேறு மாதிரி கேட்கும்.

‘எந்த விசேஷமும் இல்லாத பெண்ணாக நாவலாசிரியர் அவளைப் படைத்திருக்கிறார்’ என்று ஒரு கடிதம் சொல்கிறது. அப்படிச் சொல்வது புருஷன். விசேஷம் இல்லாததால்தான் கட்டிக்கொண்டதாக அவனே ஒப்புக்கொள்கிறான். குளிர்பதனப் பெட்டிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அவள் தரையில் உட்கார்ந்து மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, கணவாய், அம்மா வீட்டிலிருந்து வந்த விலாங்கு என எல்லாவற்றையும் குப்பைப் பையில் போட்டுக் கட்டுகிறாள். அவனுக்கு உறைப்பது என்ன? காசு வீணாகிறது, வேலைக்கு நேரமாகிவிட்டது, சட்டை இஸ்திரி போடவில்லை. ஏன் என்று கேட்டால் ‘ஒரு கனவு கண்டேன்’ என்கிறாள். என்ன கனவு என்று அவன் கேட்பதே இல்லை. அவள் மௌனமானவள் என்று அவன் சொல்வதை அப்படியே நம்பி, ‘பாத்திரத்துக்கு ஆழமில்லை’ என்று நாமும் எழுதிவிடுகிறோம்.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. அக்காள் வீட்டு விருந்துக் காட்சி மூன்று பகுதிகளிலும் வருகிறது. வியட்நாம் போருக்குப் போய்வந்த அப்பா மகளை அறைந்து, கைகளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வாயில் பன்றி இறைச்சியைத் திணிக்கிறார். அவள் பழக்கத்தியை எடுத்து மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறாள். முதல் பகுதியில் கணவன் இதை நமக்குக் கதையாகச் சொல்கிறான், தன் பங்கைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல். இரண்டாவதில் அக்காள் கணவனுக்கு நினைவிருப்பது அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், தன் சட்டை அவள் ரத்தத்தில் நனைந்ததும். மூன்றாவதில் இன்-ஹே அப்பாவின் கையைத் தான் தடுத்திருக்க முடியாதா என்று தன்னையே கேட்கிறாள். சின்ன வயதில் அந்தக் கையின் அடி அதிகமும் தங்கை மேலேயே விழுந்தது அப்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. மூன்று சாட்சியங்களையும் அடுத்தடுத்து வாசிக்காமல் ‘அவள் பைத்தியமா இல்லையா’ என்று வாதாடினால், ஒரே ஒரு சாட்சியை விசாரித்துவிட்டுத் தீர்ப்பு எழுதியது போலத்தான்.

புலால் மறுப்புப் பிரசாரம் என்கிற வாசிப்பு தமிழில் மட்டும் கூடுதலாக வருவதற்குக் காரணம் நம்மிடமே இருக்கிறது. நம்மிடையே சைவச் சாப்பாடு என்பது சாதியும் மதமும் கலந்த சொல். கறி சாப்பிடாதவருக்குப் பந்தியில் தனி மரியாதை. கொரியாவில் நிலைமை தலைகீழ். நிறுவன மேலதிகாரிகள் கூடிய விருந்தில் ஒருத்தி ‘நான் இறைச்சி சாப்பிடுவதில்லை’ என்றால் மேசையே நெளிகிறது. அந்த நெளிவை நாம் தானாக உணரமாட்டோம், ஊகித்துத்தான் உணர வேண்டும். தலைப்பின் கொரியச் சொல்லில் கொள்கையாளர், ‘-வாதி’ என்ற பொருள்தரும் பின்னொட்டு இருக்கிறது. அவளோ எந்தக் கொள்கையும் பேசுவதில்லை. வாதி என்று பட்டம் கட்டுவது சுற்றியிருப்பவர்கள். தமிழில் சமயவேல் ‘சைவம்’ என்ற சொல்லின் பக்கமே போகாமல் ‘மரக்கறி’ என்று தலைப்பு வைத்தது புத்திசாலித்தனம். ‘-வாதி’ அதில் விடுபடுகிறது, ஆனால் கோயில் வாசனை ஒட்டவில்லை.

‘நடை செயற்கை’ என்று மொழிபெயர்ப்பைப் பற்றி வந்த புகாருக்கும் ஒரு பின்கதை உண்டு. டெபோரா ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015-இல் வந்தது. 2016-இல் சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதி பிரித்துக்கொண்டார்கள். அதன்பிறகுதான் கொரியாவில் மூலத்தையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். முதல் பகுதியில் 10.9 சதவீதம் பிழை, 5.7 சதவீதம் விடுபட்டது என்று ஓர் ஆய்வுக் கணக்கு வந்தது. கொரிய மொழியில் ‘bal’ என்றால் பாதம், ‘pal’ என்றால் கை. இரண்டும் இடம் மாறிய இடம்கூட உண்டு. இதையெல்லாம்விட முக்கியமானது எழுவாய். கொரிய வாக்கியத்தில் எழுவாயை விட்டுவிடலாம். தமிழிலும் விடலாம், ஆனால் ‘சொன்னாள்’ என்றால் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கொரிய வினைமுற்றில் அந்த விகுதி கிடையாது. யார் செய்தார், யார் பேசினார் என்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாளர் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. சில இடங்களில் ஆள் மாறிப்போனது. ஆங்கிலம் வழியே வாசிக்கிற நமக்கு அந்த முடிவும் சேர்ந்தே வருகிறது. மூலத்தின் வறண்ட நடை ஆங்கிலத்தில் கொஞ்சம் பூச்சூடியிருப்பதாகவும் கொரிய வாசகர்கள் சொன்னார்கள். ஆகவே ‘நடை கவித்துவம்’ என்று புகழ்பவரும் ‘நடை செயற்கை’ என்று திட்டுபவரும் யாருடைய நடையைச் சொல்கிறோம் என்று ஒருகணம் நிதானிக்கலாம்.

நடுப்பகுதியை ஆபாசம் என்றவருக்கு என் பதில் அரைகுறையானதுதான். அக்காள் கணவன் யோங்-ஹேயின் உடம்பில் பூக்களை வரையும் காட்சிகள் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த அழகு அவன் கண்ணின் அழகு என்பதை வாசகர் மறந்துபோகிற அளவுக்கு அழகாக. மருத்துவமனையிலிருந்து வந்த மச்சினியின் சம்மதத்துக்கு என்ன பொருள் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இன்-ஹே கதவைத் திறந்து உள்ளே வரும்போதுதான் எழுகிறது. அதை எழுத்தாளரின் தந்திரம் என்று ஒப்புக்கொள்கிறேன். அவனுடைய தவிப்புக்கு அத்தனை பக்கம் தேவையா என்றால், தேவையில்லை.

பெரும்பாலான கடிதங்கள் மூன்றாம் பகுதியை இரண்டு வரியில் தாண்டிவிட்டன. எனக்கு அதுதான் நாவல். இன்-ஹேயின் புருஷன் போய்விட்டான், யோங்-ஹேயின் புருஷன் விவாகரத்து வாங்கிவிட்டான், பெற்றோர் கைகழுவிவிட்டார்கள். அழகுசாதனக் கடையையும் மகனையும் பார்த்துக்கொண்டு, மலையடிவார மனநல மருத்துவமனைக்கு வந்துபோகிறவள் அக்காள் ஒருத்திதான். தலைகீழாக நின்று, கையிலிருந்து வேர் இறங்குவதாகச் சொல்லும் தங்கைக்கு மூக்கில் குழாய் செருகிக் கஞ்சி இறக்குகிறார்கள். முதல் பகுதியில் அப்பா செய்ததை இங்கே மருத்துவம் செய்கிறது, அதுவும் உயிரைக் காப்பாற்ற. வேண்டாம் என்பவளை விட்டுவிட்டால் சாவாள், விடாவிட்டால் அதே வன்முறை. இரண்டுக்கும் நடுவே நிற்பவள் இன்-ஹே. ‘கலகம்’ என்று கொண்டாடியவரும் ‘நோய்’ என்று ஒதுக்கியவரும் இந்த இடத்துக்குப் பதில் எழுதினால் வாசிக்க ஆவல்.

ஒரு வேண்டுகோள். விவாதம் தொடர்வதானால், கடிதம் எழுதுவோர் பக்க எண்ணோடு எந்தப் பகுதி, எந்தக் காட்சி, யார் பார்வை என்பதையும் குறிப்பிடட்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், காட்சி மாறாது. ‘கடைசியில் அவள் செத்தாளா’ என்று கேட்டிருப்பவருக்கு: ஆம்புலன்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, யோங்-ஹே உள்ளே இருக்கிறாள், இன்-ஹே ஜன்னல் வழியே மரங்களை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்