‘சூழல் கோளாறு’ என்று மூடிய டிக்கெட்: அலார ரிசீவர் சோதனைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்தபடி பிரிட்டனில் இருக்கும் அலார ரிசீவர்களைச் சோதிக்கும் நண்பர்களுக்கும், அவர்களுடைய டிக்கெட்டுகளை, அதாவது கோளாறுப் பதிவுகளை, சீக்கிரம் மூடச் சொல்லும் லீடுகளுக்கும் (குழுத் தலைவர்களுக்கும்),

வணக்கம். நானும் இதே வேலையில் இருந்தவன்தான். மத்தியானம் ஆரம்பித்து நள்ளிரவில் முடியும் ஷிஃப்ட். வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியாத வேலை. “திருடன் வந்தா மணி அடிக்குமே, அதுவா?” என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்பார். மணி அடிப்பது அல்ல, மணி அடித்த சேதி போய்ச் சேரும் இடம் நம்முடையது. கடையில் இருக்கும் அலாரப் பெட்டி, அதாவது பேனல், டயல் செய்யும், கண்காணிப்பு மையத்தில் ரிசீவர் எடுக்கும், ஆபரேட்டர் திரையில் ஒரு வரி விழும், அவர் போலீஸையோ கடைச்சாவி வைத்திருப்பவரையோ கூப்பிடுவார். அந்த ரிசீவர் ஒழுங்காக எடுக்கிறதா என்று இங்கிருந்து பார்த்துச் சொல்வதுதான் நம் பிழைப்பு.

இந்த மடல் ஒரே ஒரு டிக்கெட்டைப் பற்றியது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. உங்களிலும் பலர் இப்படி ஒன்றை மூடியிருப்பீர்கள்.

எங்கள் சோதனைக்கு அங்கே ஒரு சக ஊழியர் வீட்டில், சமையலறை அலமாரிக்குள், ஒரு பழைய பேனலை வைத்திருந்தோம். வீட்டின் சாதாரண டெலிபோன் லைனில் செருகியது. பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்கிற ஒரு சின்னக் கணினி, அதிலிருந்து ஒரு ரிலே, அதாவது கணினி இயக்கும் சுவிட்ச். நான் இங்கே ஒரு கட்டளை அடித்தால் அங்கே ரிலே ‘டிக்’ என்று விழும், பேனலின் ஐந்தாம் ஜோன் (ஒரு கதவைக் கவனிக்கும் இணைப்பு) திறந்துகொள்ளும், கதவை யாரோ உடைத்துவிட்டதாக நினைத்துப் பேனல் டயல் செய்யும். லைனில் ஒரு ஸ்பீக்கரும் இருந்ததால் காதால் கேட்கலாம். ரிசீவர் எடுத்ததும் 1400 ஹெர்ட்ஸில் ஒரு ‘பீப்’, இடைவெளி, 2300 ஹெர்ட்ஸில் இன்னொன்று, ஒவ்வொன்றும் 100 மில்லிசெகண்ட். உடனே பேனல் 16 எண்களைக் கடகடவென்று கொட்டும். ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பிறகு ரிசீவர் நீளமாக ஒரு ‘பீ...’ சொல்லும். அதுதான் கிஸ் ஆஃப். “வந்தது, நீ போகலாம்” என்று பொருள். கான்டாக்ட் ஐடி என்கிற இந்த முறையை நூறு தடவை கேட்டவனுக்கு, எந்த லைனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று காதே சொல்லிவிடும்.

ஒரு நாள் அலமாரிப் பேனல் பேசவில்லை. டயல் டோனே இல்லை. டிக்கெட் போட்டேன். விசாரித்தால், அந்த வீட்டு லைனை டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டார்களாம். போன் இனி ரௌட்டரின் பின்புறத் துவாரத்தில்தான். சுவரில் இருந்த பழைய சாக்கெட் செத்துக் கிடந்தது, பேனல் அதிலேயே செருகிக் கிடந்தது. டிக்கெட்டில் ‘சூழல் கோளாறு, தயாரிப்பில் பிழை இல்லை’ என்று எழுதி மூடினார்கள். அதோடு நிற்கவில்லை. அந்தப் பேனலையே சோதனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ரிசீவர் இருக்கும் அதே டேட்டா சென்டரில், பேனல் மாதிரி நடிக்கும் ஒரு சிமுலேட்டரை வைத்தார்கள். அன்றிலிருந்து சோதனை முடிவு காட்டும் டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, எல்லாம் சரி என்று பொருள்.

நண்பர்களே, அந்தப் பேனல் செய்த வேலைகளிலேயே உருப்படியான வேலை அன்றைக்குச் செய்ததுதான். அந்த நாட்டில் எத்தனையோ கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடக்கப்போவதை முன்கூட்டியே நமக்குக் காட்டியது. பழைய செப்புக்கம்பி டெலிபோன் வலையை பிரிட்டன் மூடிக்கொண்டு வருகிறது. 2025 டிசம்பரில் முடிப்பதாக இருந்த வேலையை 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவைத்தார்கள். தள்ளியதற்குச் சும்மா காரணம் இல்லை. முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் உதவிப் பொத்தான்கள், லைன் மாறிய பிறகு அழுத்தினால் வேலை செய்யாமல் போன சம்பவங்கள் நடந்தன. 2023 கடைசியில், வாடிக்கையாளர் கேட்காமலே லைனை மாற்றும் வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பொத்தானிலும் கோளாறு இல்லை, எடுக்கிற மையத்திலும் இல்லை. நடுவில் இருந்ததில்தான் கோளாறு. நம் டிக்கெட் மொழியில் அதற்குப் பெயர் ‘சூழல்’.

பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். ரௌட்டர் அப்படி இல்லை. கரண்ட் போனாலும் அவசர அழைப்புக்கு ஒரு மணி நேரமாவது வழி இருக்க வேண்டும் என்று அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் சொல்லியிருக்கிறது. புயலோ வெள்ளமோ ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுமா? (சென்னையில் 2015 டிசம்பரைப் பார்த்த யாரும் இதற்குப் பதில் சொல்லலாம்.)

சரி, வயரை ரௌட்டரில் மாற்றிச் செருகினால் தீர்ந்ததா? எல்லா நேரமும் தீராது. குரலை அழுத்திச் சுருக்கும் ஜி.729 மாதிரி கோடெக் வழியில் வந்தால் தொனிகள் நசுங்கும். அப்படிச் சுருக்காத ஜி.711-இல் பெரும்பாலும் பிழைக்கும், ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. நடுவில் இருக்கும் கருவி எண்களை அடையாளம் கண்டு, குரலிலிருந்து பிடுங்கி, தனிப் பாக்கெட்டாக அனுப்பி, மறுமுனையில் புதிதாகத் தொனி உண்டாக்கும். பிடுங்குவதற்குள் கொஞ்சம் கசிந்துவிட்டால் ஒரே எண் இரண்டு தடவை கேட்கும். எண்களைச் சரிபார்க்க ரிசீவர் போடும் கூட்டல் தவறினால் அது கிஸ் ஆஃப் தராது, பேனல் திரும்ப அனுப்பும். நான்கு முயற்சி வரை அனுப்பிப் பார்த்துவிட்டுத் துண்டிக்கும். டேட்டா சென்டருக்குள் பக்கத்து ரேக்கிலிருந்து டயல் செய்யும் சிமுலேட்டருக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது.

கூட்டலையும் ரொம்ப நம்ப வேண்டாம். 1234 18 1130 01 005 5 என்று ஒரு செய்தி. 1234 வாடிக்கையாளரின் கணக்கு, 130 திருட்டு, 005 ஐந்தாம் ஜோன், கடைசி 5 கூட்டலைச் சரிபார்க்கும் எண். பூஜ்யத்தைப் பத்தாக எண்ணிக் கூட்டினால், கடைசி எண்ணோடு சேர்த்து 75 வரும், 15-ஆல் மீதியின்றி வகுபடும். அப்படி வகுபட்டால்தான் ரிசீவர் ஏற்கும். இப்போது கணக்கை 1243 என்று மாற்றிப் போடுங்கள். கூட்டல் அதேதான்! ரிசீவர் சந்தோஷமாகக் கிஸ் ஆஃப் சொல்லும், ஆபரேட்டர் வேறு யாருடைய கடைக்கோ ஆளை அனுப்புவார். எத்தனை கிஸ் ஆஃப் வந்தது என்று மட்டும் எண்ணும் சோதனைக்கு இது தெரியவே தெரியாது. அனுப்பியதையும் திரையில் விழுந்ததையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

இன்டர்நெட் வழிக்கும் இதே கதைதான். அலாரச் செய்தியை இன்டர்நெட்டில் அனுப்பும் டிசி-09 முறையில் செய்தியை என்கிரிப்ட் செய்தால் நேரமுத்திரை கட்டாயம். ரிசீவரின் கடிகாரத்தைவிட 20 விநாடிக்கு மேல் முந்தினாலோ 40 விநாடிக்கு மேல் பிந்தினாலோ ரிசீவர் ஏற்காது, தன் நேரத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பும். முத்திரை கிரீன்விச் நேரத்தில் இருக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அப்படித் தள்ளிய உள்ளூர் நேரத்தையே முத்திரையாகக் குத்திய ஒரு பேனலை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிறு விடியலிலிருந்து அது அனுப்பிய அத்தனையும் திரும்பி வந்தன. நம் சிமுலேட்டரோ ரிசீவரின் கடிகாரத்தையே பார்த்து முத்திரை குத்துகிறது. இரண்டும் சேர்ந்து தப்பாக ஓடினாலும் பச்சைதான்.

இன்னொரு இரவு, மையத்திலிருந்து ஓர் ஆபரேட்டர் அம்மா கூப்பிட்டார். “ரெண்டு மணி நேரமா ஒண்ணுமே வரலை, இவ்வளவு அமைதியா இருக்கக் கூடாதே?” என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். பார்த்தால் ரிசீவர் எல்லாவற்றையும் எடுத்து, கிஸ் ஆஃப் கொடுத்து, தன் நினைவகத்திலேயே அடுக்கி வைத்திருந்தது. ஆபரேட்டர் மென்பொருளுக்குப் போகும் இணைப்பு அறுந்திருந்தது. நாங்கள் ரிசீவரோடு நிறுத்திக்கொண்டோம், அதனால் பச்சை. இணைப்பு அறுந்தால் ரிசீவரின் பஸ்ஸர் கத்த வேண்டுமே என்பீர்கள். கத்தியிருக்கிறது, ஆளில்லாத சர்வர் அறையில்.

லீடுகளிடம் கேட்பது இதுதான். ஊருக்கு நான்கு வீட்டு லைன்களிலாவது, வெவ்வேறு டெலிபோன் நிறுவனங்களில், நிஜப் பேனல்களை வையுங்கள். அவற்றைத் தினமும் டயல் செய்ய விடுங்கள், சில நாள் ரௌட்டரின் கரண்டைப் பிடுங்கிவிட்டும் பாருங்கள். சோதனை முடிந்ததாகக் குறிப்பது திரையில் வரி விழுந்த பிறகு இருக்கட்டும். ‘சூழல் கோளாறு’ என்று ஒரு டிக்கெட்டை மூடுவதற்கு முன், அதே சூழலில் எத்தனை வாடிக்கையாளர் இருக்கிறார்கள் என்று மையத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். செலவு என்பீர்கள். ஒரு பழைய பேனலும் ஒரு ரிலேயும் உங்கள் டாஷ்போர்டு லைசென்ஸைவிட மலிவு.

இளையவர்களுக்கு ஒன்று. இஎன் 50136 என்ற ஐரோப்பியத் தரநிலையில் எஸ்பி2 என்கிற ஒற்றைப் பாதை வகைக்கு, பாதை அறுந்த சேதி மையத்துக்குத் தெரியவர 25 மணி நேரம் வரை ஆகலாம். டிபி4 என்கிற இரட்டைப் பாதை வகையின் முதன்மைப் பாதைக்கு 90 விநாடி. நீங்கள் சோதிக்கும் கணக்கு எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வயரை நிஜமாகவே பிடுங்கச் சொல்லி, கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள். ஸ்பீக்கர் இருந்தால் போட்டுக் கேளுங்கள்.

அலமாரிப் பேனல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறதாம். போன வாரம் அந்த நண்பர் பேசும்போது சொன்னார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது, பேட்டரி மட்டும் புதிதாகப் போட வேண்டும், ரிலே நன்றாக விழுகிறது. ரௌட்டரிலிருந்து அலமாரி வரைக்கும் ஐந்து மீட்டர் போன் வயர் வாங்க யாராவது அனுமதி கொடுத்தால், இன்றிரவே அது டயல் செய்யும்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன் அதே நாற்காலியில் இருந்த ஒருவன்