ஆச்சிக்குப் பரீட்சை வைக்காதீர்கள்

முக்கூடல்

அன்புள்ள சங்கரி,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூர் வேலை பிடித்துவிட்டது, ஹாஸ்டல் சாம்பாரில் வெல்லம் போடுவதைத்தான் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நம்ம ஊர் நாக்குக்கு அது தண்டனைதான். இங்கே எல்லோரும் சுகம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. என் குரூப் 4 படிப்புதான் ஆமை வேகத்தில் நகர்கிறது.

ஆச்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பேர் மறந்தாலும், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிகிறது, முகம் சுருங்கிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

"உன்னை அடையாளம் தெரிகிறதா?" என்று கேட்டாயே, சில நாள் தெரிகிறது. தெரியாத நாளில் நான் அவளுடைய தங்கச்சி. அந்தச் சின்ன ஆச்சி செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் அம்மா, "அவ போய்ச் சேர்ந்துட்டாம்மா, இது உன் பேத்தி" என்று விளக்குவாள். ஆச்சிக்கு அது அந்த நிமிஷம் விழுந்த சாவு. மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறந்து, "தங்கச்சி எங்கே?" என்று மறுபடி கேட்பாள். ஒரே சாவுக்கு ஒரு மனுஷியை எத்தனை தடவை அழ வைப்பது? இப்போதெல்லாம் நான் தங்கச்சியாகவே இருந்துவிடுகிறேன். "ஏட்டி, பீடி இலை நனைச்சுட்டியா?" என்றால், "நனைச்சாச்சு" என்பேன். நிம்மதியாகிவிடுவாள். பெரியவர்களிடம் பொய் சொல்லலாமா என்று சித்திக்கு வருத்தம். எனக்கு இல்லை.

டாக்டர் சொன்னது இது: மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, புதிதாக நடப்பதைப் பதிய வைப்பது அதன் வேலை. ஆச்சிக்கு வந்திருக்கிற அல்சைமர் என்கிற மறதி நோய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கை வைக்கும். பழைய நினைவுகள் வேறு இடங்களில் ஊறிக் கிடப்பதால் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் காலையில் இட்லி சாப்பிட்டது மறந்துபோகிறவளுக்கு, சின்ன வயசில் அவள் சுற்றிக் கொண்டுபோன நல்ல பீடியையும் பீடிக்கடையில் ஒதுக்கித் தள்ளின ஆளின் ஊரும் தகப்பன் பேரும் மறக்கவில்லை. இன்றைக்கும் திட்டு விழுகிறது.

கை பழகின வேலை அதைவிடக் கெட்டி. சாயங்காலம் ஆனால் அவளுக்குப் படபடப்பு வந்துவிடும். "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலைப் பார்த்துக் கிளம்புவாள். வீட்டில்தானே இருக்கிறாய் என்று சொன்னால் கோபம் கூடும். அந்த நேரம் சுளகை மடியில் வைத்துவிடுவோம். புகையிலைத் தூள் கொடுப்பதில்லை, வாயில் போட்டுக்கொள்கிறாள். இலை அளவுக்கு வெட்டின பழைய பேப்பரும் நூலும்தான். பேப்பரை விரலில் வைத்து ஒரு உருட்டு, முனையை நகத்தால் மடக்கி ஒரு குத்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு. கண் சுளகில்கூட இருக்காது, தெருவைப் பார்த்துக்கொண்டே செய்வாள். எதிரே உட்கார்ந்து நிஜ பீடி சுற்றுகிற அம்மாவைவிட ஆச்சி கட்டுத்தான் இறுக்கம்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் அவளைக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத, கைநாட்டு வைக்கிற ஆச்சி! பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அதை வைத்து என்ன மார்க் போட்டார்களோ. அடுத்துப் பார்த்த டாக்டரம்மா வேறு மாதிரி. "ஒரு கட்டுக்கு 25 பீடின்னா நாலு கட்டுக்கு எத்தனை, பாட்டி?" என்றார். "நூறு. இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றாள் ஆச்சி. ஆனால் நாங்கள் எதில் வந்தோம், பஸ்ஸிலா ஆட்டோவிலா என்பதற்கு அவளிடம் பதில் இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்பது எனக்கே அப்போதுதான் விளங்கியது.

டாக்டர் கேட்பதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு என்ன வந்தது? படி ஏறும்போதே "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். போன மாசம் தூத்துக்குடி மாமா விடவே இல்லை. "நல்லா பாரும்மா, உன் மூத்த மகன்!" ஆச்சி சிரித்துச் சமாளித்தாள். பிறகு முந்தானையை முறுக்க ஆரம்பித்தாள். கடைசியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமா வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம்தான், இருந்தாலும் எனக்கு எரிச்சல். பதில் தெரியாத பரீட்சையில் உட்காருவது என்னவென்று குரூப் 4 எழுதுகிறவளைக் கேட்டால் சொல்லுவேன். "அம்மா, நான் ராசா வந்திருக்கேன்" என்று பேரைத் தானே சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் தாத்தாவும் கேட்டதையே கேட்கிறார் என்று எழுதியிருந்தாயே, "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதே. நாங்கள் அப்படிச் சொல்லித்தான் ரொம்ப நாள் ஓட்டினோம். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இதெல்லாம்கூட மறதியைக் கொண்டுவரும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல். இன்னொன்று, திடீரென்று ஒரே நாளில் குழப்பம் கூடினால் அது மறதி நோய் முற்றியதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதே. ஆச்சி ஒருநாள் விடிய விடியச் சுவரோடு பேசினாள். பார்த்தால் சிறுநீரில் கிருமி. மருந்து கொடுத்ததும் பழையபடி ஆனாள்.

பழையபடி என்றால் பழைய மறதியோடுதான். அல்சைமரைக் குணமாக்க மாத்திரை இல்லை. இப்போது கொடுப்பது சிலருக்குக் கொஞ்ச காலம் தாங்கிப்பிடிக்கும், அவ்வளவே. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு அல்சைமர் உட்பட ஏதோ ஒரு மறதி நோய் என்று 2023இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகமாம். இத்தனை ஆச்சிகளையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் அம்மா மாதிரி ஆட்கள்தான் வருவார்கள் போல. ராத்திரி ஆச்சி எழுந்தால் அம்மாவும் எழ வேண்டும், விடிந்தால் சுளகு. கோபத்தில் ஆச்சியை அதட்டிவிட்டு அடுப்படியில் நின்று அழுவாள். மாமாவிடம் நானே பேசிவிட்டேன். கண்ணைத் துடைத்தது போதும், மாசம் ஒரு வாரம் அத்தையோடு வந்து இருங்கள் என்று. "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

உன் அண்ணன் கல்யாணத் தேதி முடிவானதும் எழுது. மாமா வந்தால் அம்மாவும் நானும் சேர்ந்து வருவோம். வராவிட்டால் அம்மாவை மட்டும் பஸ் ஏற்றிவிடுகிறேன். அவளுக்கு உங்கள் வீட்டில் இரண்டு நாள் நன்றாகத் தூங்க இடம் கொடு.

அன்புடன்,
உன் மீனா