அம்மாவை செயின்ட் லூயிஸுக்குக் கூட்டிப் போ, அக்கா

அன்புள்ள அக்கா,

போன வாரம் போனில் பேசும்போது, "செயின்ட் லூயிஸா? அந்த 'கேட்வே ஆர்ச்' எஃகு வளைவைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு மனசு ஆறவில்லை. மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ஊருக்கு வேலைக்காகப் போன இடத்தில் மூன்று நாள் கிடைத்தது. அந்த மூன்று நாளும் எதைப் பார்த்தாலும், எதைச் சாப்பிட்டாலும், அம்மா பக்கத்தில் இருந்தால் என்ன சொல்வாள் என்ற யோசனைதான். ஜூனில் அவள் உன்னிடம் வருகிறாள். இண்டியானாபொலிஸிலிருந்து நான்கு மணி நேரத்தில் காரில் போய்விடலாம். உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம்தான். ஆனால் பெற்றோரை ஆறு மாதத்துக்கு வரவழைத்துவிட்டு எங்கே கூட்டிப்போவது என்று தவிக்கிற பலரை எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

சென்ற முறை அவளை நயாகராவுக்கும் நியூயார்க்குக்கும் கூட்டிப்போனோம். அவள் முட்டி வலியோடு வரிசையில் நின்றாள், போட்டோவில் சிரித்தாள். மற்ற நாளெல்லாம் உன் வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்து, "தெருவில் ஒரு மனுஷர்கூட நடக்கவில்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது அதிசயம் அல்ல அக்கா. உட்கார இடம், பேச ஆள், கேட்க ஒரு கதை, அவ்வளவுதான். அந்த ஊரில் இவை மூன்றும் இருக்கின்றன.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, இல்லினாய்ஸ் பக்கத்திலேயே காரை நிறுத்து. கஹோகியா என்று பெயர். கொலம்பஸ் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பு அங்கே ஒரு நகரம் இருந்தது. கி.பி. 1100 வாக்கில் அங்கே பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மிச்சம் இருப்பவை மண்மேடுகள். பெரிய மேடு நூறு அடி உயரம், அடிப்பரப்பு சுமார் 14 ஏக்கர். சக்கரமும் இல்லை, பாரம் இழுக்க மாடும் குதிரையும் இல்லை. ஏறத்தாழ 2.2 கோடி கன அடி மண்ணை மனிதர்கள் கூடை கூடையாகச் சுமந்து கொட்டியிருக்கிறார்கள். மதுரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைக் கேட்டதும் என்ன ஞாபகம் வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிட்டுக்கு மண் சுமந்த கதையை அங்கேயே உன் மகனுக்கு ஆரம்பித்துவிடுவாள்.

மேலே போக நூற்றைம்பது படிகளுக்கு மேல் இருக்கின்றன. அம்மாவைக் கீழேயே உட்காரவைத்துவிட்டு நீயும் பையனும் ஏறுங்கள். உச்சியில் காற்று அடிக்கிறது. தெளிந்த நாளில் மேற்கே ஆற்றுக்கு அப்பால் அந்த வளைவு ஒரு நூல்போலத் தெரியும். 1982-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் இது. நான் போன காலையில் மொத்தம் ஏழு பேர்தான் இருந்தோம். இன்னொரு விஷயமும் உண்டு. செயின்ட் லூயிஸ் நகருக்குள்ளேயே இப்படிப் பல மேடுகள் இருந்தனவாம். மேடுகளின் நகரம் என்றே அதற்குப் பட்டப்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிச் சமன்படுத்திவிட்டார்கள். அவற்றில் மிகப் பெரியது 1869-இல் போயிற்று. பட்டப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மேடுகளை அழித்துவிட்டார்களே என்று எனக்கு அன்று முழுக்க ஆற்றாமையாக இருந்தது.

பிறகு மிசிசிப்பியைக் கடப்பீர்கள். பாலத்தில் மெதுவாகப் போ. பழுப்பு நிறத்தில், கனத்து, அவசரமே இல்லாமல் போகிற ஆறு.

இப்போது நீ சொன்ன வளைவு. படத்தில் பார்த்து அலுத்துப்போன பொருள்தான், ஒப்புக்கொள்கிறேன். அதன் காலடிக்குப் போய்க் கை வைத்துப் பார். நான் மாலை நான்கு மணிக்குப் போனேன். வெயில் பட்ட பக்கம் எஃகுத் தகடு உள்ளங்கையைச் சுட்டது. சுற்றிக்கொண்டு நிழல் பக்கம் போய்த் தொட்டால், சில்லென்று பாத்திரம்போல இருந்தது. கை எட்டுகிற உயரம் வரைக்கும் யார் யாரோ கீறிவைத்த பெயர்கள். இந்தச் சூடும் குளிர்ச்சியும்தான் கட்டியவர்களைப் படாதபாடு படுத்தியது. இரண்டு கால்களையும் தனித்தனியாக மேலே எழுப்பி, கடைசித் துண்டைப் பொருத்த வேண்டிய நாள் 1965 அக்டோபர் 28. காலை வெயிலில் தெற்குக் கால் விரிந்துவிட்டது. தீயணைப்பு வீரர்கள் குழாயால் அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் குளிரவைத்தார்கள். அதன் பிறகுதான் கடைசித் துண்டு உட்கார்ந்தது. 630 அடி உயரம். இரு கால்களுக்கும் இடையே உள்ள அகலமும் அதே 630 அடி. அம்மாவிடம் விளக்க எளிய வழி இருக்கிறது: கழுத்துச் சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டு. அந்த வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கிட்டத்தட்ட இதுதான்.

வடிவமைத்தவர் ஈரோ சாரினென். நினைவுச் சின்னத்தை வடிவமைக்க நடந்த போட்டியில் அவர் முதல் சுற்றில் தேறியபோது, வாழ்த்துத் தந்தி தவறுதலாக அவருடைய அப்பா எலியலுக்குப் போய்விட்டது. அவரும் பெரிய கட்டடக் கலைஞர், அதே போட்டியில் கலந்துகொண்டவர். வீட்டில் கொண்டாடிவிட்டார்கள். பிறகு திருத்தம் வந்தது, மகனுக்காக இன்னொரு முறை கொண்டாடினார்கள். அந்த மகன் 1961-இல் இறந்துபோனார். வளைவு எழும்பியதை அவர் பார்க்கவில்லை.

உச்சிக்கு அம்மாவை ஏற்றாதே. ஐந்து பேர் முட்டி இடிக்க உட்காருகிற சின்னஞ்சிறு உருளைப் பெட்டியில் நான்கு நிமிடம் போக வேண்டும். ஏற இறங்க மொத்தம் தொண்ணூறு படிகளுக்கு மேல். வளைவுக்கு அடியிலேயே நிலத்துக்குள் அருமையான அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. மேலே போக முடியாதவர்களுக்காக உச்சியின் மாதிரி ஒன்றை அமைத்து, மேலிருந்து தெரியும் காட்சியை நேரலையாகக் காட்டுகிறார்கள். அம்மாவுக்கு அது போதும்.

எதிரே பச்சைக் குவிமாடத்தோடு நிற்கும் பழைய நீதிமன்றத்தை விட்டுவிடாதே. வளைவைவிட அதுதான் முக்கியம் என்பேன். டிரெட் ஸ்காட், ஹாரியட் ஸ்காட் என்ற அடிமைத் தம்பதி தங்களுக்கு விடுதலை கேட்டு 1846-இல் வழக்குத் தொடுத்தது இந்த ஊரில்தான். 1850-இல் இங்கே நடுவர்கள் விடுதலை என்றார்கள். இரண்டு ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. 1857-இல் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் இந்த நாட்டின் குடிமக்களே ஆக முடியாது என்று தீர்ப்பளித்தது. இரண்டு மகள்களை வைத்துக்கொண்டு பதினோரு வருடம் கோர்ட்டுக்கு நடந்த ஒரு அம்மாவின் கதை அக்கா இது. அதே கட்டடத்தின் படிகளில் மனிதர்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். புதுப்பித்து 2025-இல் திறந்திருக்கிறார்கள். இப்போது லிஃப்ட் வசதியும் உண்டு. வெளியே கணவனும் மனைவியும் கைகோத்து நிற்கும் சிலை. ஹாரியட்டின் முகத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முட்டையும் இறைச்சியும் இல்லாமல் அம்மா எப்படிச் சமாளிப்பாள் என்பதுதான் உன் பெரிய கவலை. 'தி ஹில்' என்பது இத்தாலியர்கள் குடியேறிய பகுதி. தெருவோரத் தீயணைப்புக் குழாய்களுக்குக்கூட இத்தாலியக் கொடியின் மூன்று வண்ணத்தைப் பூசியிருக்கிறார்கள். அங்கே பிறந்தது 'டோஸ்டட் ராவியோலி'. பெயர்தான் டோஸ்ட், உண்மையில் ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்தது. ஓரம் மொறுமொறுவென்று, நம் சோமாசியைக் காரமாகச் செய்ததுபோல இருக்கும். ஆனால் உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சி, அது உனக்கும் ஆகாது. பாலாடைக்கட்டி வைத்தது உண்டா என்று கேட்டு நீயும் பையனும் சாப்பிடுங்கள். அம்மாவுக்கு அந்த ஊர் பீட்சா வாங்கிக் கொடு. ஈஸ்ட் சேர்க்காத மாவு, அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமன், கடித்தால் சத்தம் கேட்கும், சதுரம் சதுரமாக வெட்டித் தருவார்கள். மேலே ப்ரோவெல் என்ற, அந்த வட்டாரத்துக்கே உரிய பாலாடைக்கட்டி. அது பல்லில் ஒட்டும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

இரவில் சிப்பேவா தெருவில் டெட் ட்ரூஸ் கடைக்குப் போங்கள். பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போனது. அங்கே 'கான்கிரீட்' என்று ஐஸ்கிரீம் மாதிரி ஒன்று தருகிறார்கள். அவ்வளவு கெட்டி என்பதைக் காட்ட, கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். உன் மகன் அதை மறக்க மாட்டான். ஆனால் அது கஸ்டர்ட், அதில் முட்டை மஞ்சள் கரு உண்டு. 'ஐஸ்கிரீம்தான் சாப்பிடு' என்று அம்மாவிடம் சொல்லிக் கொடுத்துவிடாதே. அந்த ஊரின் புகழ்பெற்ற வெண்ணெய்க் கேக்கும் அப்படித்தான்.

அம்மாவுக்கென்று நான் கண்டுபிடித்தது நகரின் தெற்கே, பெவோ பகுதியில். தொண்ணூறுகளில் போஸ்னியாவில் போர் நடந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகதிகளாக வந்து, காலியாகிக்கொண்டிருந்த அந்தத் தெருக்களில் குடியேறின. கடைகள் திறந்தன, வீடுகளில் விளக்கு எரிந்தது. அங்கே ஒரு சிறிய கடையில் உருளைக்கிழங்கு வைத்த 'குரோம்பிருஷா' சாப்பிட்டேன். மாவைக் காகிதம்போல இழுத்து, கிழங்கும் வெங்காயமும் மிளகும் உள்ளே வைத்துச் சுருட்டிச் சுட்டது. முட்டை இல்லை, கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பிறகு காபி. சிறிய செம்புத் தட்டு. அதில் நீண்ட பிடி வைத்த செம்புக் குடுவை, பிடி இல்லாத சின்னக் கிண்ணம், இரண்டு சர்க்கரைக் கட்டி. நான் நேரே ஊற்றப் போனேன். கடைக்கார அம்மாள் வந்து கையைத் தடுத்தார். முதலில் நுரையைக் கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டார், அதன்மேல் மெதுவாகக் காபியை இறக்கினார். சர்க்கரைக் கட்டியின் ஒரு முனையை நனைத்துக் கடித்துவிட்டுப் பருகச் சொன்னார். வண்டல் அடியிலேயே தங்கிவிட்டது. டிகாஷன் இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிற நம் அம்மாவும் அந்த அம்மாளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், மொழியே தேவைப்படாது.

ஃபாரஸ்ட் பூங்காவுக்கு ஒரு முழு நாள் வை. 1904 உலகக் கண்காட்சி நடந்த இடம். அதற்காகக் கட்டிய அரண்மனைகளில் நிலைத்து நிற்பது இப்போதைய கலை அருங்காட்சியகம் மட்டுமே. அதன் வாசலுக்கு மேலே, கலைக்கு அர்ப்பணம், அனைவருக்கும் இலவசம் என்ற பொருளில் கல்லில் செதுக்கியிருக்கிறது. இன்றும் அப்படியே நடக்கிறது. மிருகக்காட்சி சாலைக்கும் வரலாற்று அருங்காட்சியகத்துக்கும்கூட நுழைவுச் சீட்டு கிடையாது, மக்கள் கட்டும் சொத்து வரியில் நடக்கின்றன. 1950-இல் எட்டரை லட்சம் பேர் இருந்த நகரம் 2020-இல் மூன்று லட்சமாகச் சுருங்கிவிட்டது. அப்படியும் அந்த வாசல்களை அவர்கள் மூடவில்லை. எனக்கு அந்த ஊரின்மேல் மதிப்பு வந்தது இதனால்தான். அதே கண்காட்சியில் பிலிப்பைன்ஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக வைத்திருந்தார்கள் என்பதையும் உன் மகனுக்குச் சொல். 2025 மே மாதச் சூறாவளியில் பூங்காவின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வெட்டிய அடிமரங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அருங்காட்சியகத்துக்கு முன்னால் புல்சரிவு. அங்கே அம்மாவுக்கு மடக்கு நாற்காலி போட்டுவிடு. ஓடுகிறவர்கள், குழந்தைகள், நாய்கள் என்று மனிதர்கள் நடமாடுகிற இடம், மாலை வரை உட்கார்ந்திருப்பாள். பூங்காவுக்கு வெளியே இருக்கும் தாவரவியல் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. கண்ணாடிக் குவிமாடத்துக்குள் வாழை மரம் நிற்கிறது. கொடுத்த காசுக்குத் தகும்.

கடைசியாக ஒன்று. கல்லறைக்கா அம்மாவைக் கூட்டிப்போவது என்று கேட்காதே. நகரின் வடக்கே கால்வரி கல்லறைத் தோட்டத்தில் டிரெட் ஸ்காட் இருக்கிறார். தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே பழைய முதலாளி குடும்பத்து மனிதர் ஒருவர் அவரை விடுவித்தார். ஒன்றரை வருடம்கூட அவர் சுதந்திரமாக வாழவில்லை, 1858 செப்டம்பரில் காசநோயில் போய்விட்டார். அந்தக் கல்லின்மேல் வருகிறவர்களெல்லாம் ஒரு சென்ட் நாணயத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். லிங்கன் முகம் உள்ள செம்பு நிறக் காசு. மழையில் கறுத்தவையும், புதிதாக மின்னுகிறவையுமாக நான் பார்க்கும்போது வரிசையாக இருந்தன.

சென்னை ரயில் திருச்சியைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்ப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? காரில் சில்லறை போட்டுவைக்கும் டப்பாவிலிருந்து நாலைந்து ஒரு சென்ட் காசுகளை எடுத்து அவள் கையில் கொடுத்துவை.

அன்புடன்,
தம்பி